தொக்கி நிற்பது

வினிப்பெக்கில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
ஏழாம் மாடிக் கண்ணாடியின் உள்பக்கமே
உறைபனி பூத்துக் கிடக்கிறது.
என் திரையில் இருநூற்றுப் பதினாறு பக்கங்கள்,
பக்கத்துக்கு ஒரு வசதி:
இருக்குமிடம் கேட்க, கேமரா திறக்க,
புளூடூத்தில் ஒரு தராசைக் கூப்பிட.

எல்லாவற்றுக்கும் நிபந்தனை ஒன்றுதான்.
முகவரியின் தலையில் ஹெச்டிடிபிக்குப் பின்னால்
அந்த ஒற்றை எஸ் இருக்க வேண்டும்.
இல்லையென்றால் உலாவி கைவிரித்துவிடும்.

இதைச் சொல்ல ஆளுக்கொரு பாஷை.
ஒரு பக்கத்தில் உச்சியில் மஞ்சள் பட்டை.
இன்னொன்றில் வெறும் பூட்டுப் படம்,
பூட்டியிருக்கிறதா, பத்திரமாக இருக்கிறதா, தெரியாது.
'சில சூழல்களில் இயங்காமல் போகலாம்' என்கிறது வேறொன்று
ராசிபலன் மாதிரி.
அறுபத்தேழு பக்கங்களில் மூச்சே இல்லை.

'படிக்கிறவங்களுக்கு இது தெரியாதா?'
ரைமர் கேட்கிறார்,
காபிக் குவளையில் விரல்களைக் காய்ச்சிக்கொண்டு.

தெரியாது, ரைமர்.
போன வாரம் ஃப்ளின் ஃப்ளானிலிருந்து ஒரு கடிதம்.
டேரல் மக்காய். நகராட்சிக்கு ஒரு சின்னத் தளம் கட்டியிருக்கிறார்,
பனி தள்ளும் வண்டி எந்தத் தெருவில் என்று காட்ட.
அவர் மேசையில் ஓடியது.
சொந்தக் கணினியில் எதுவும் ஓடும்,
வீட்டுக்காரனிடம் யார் அடையாள அட்டை கேட்கிறார்கள்?
நகராட்சியின் பழைய சர்வரில் ஏற்றினார்.
வண்டிகள் மறைந்தன.
'அனுமதி மறுக்கப்பட்டது' என்று மட்டும் வந்தது.

ஓட்டுநர்கள்தான் மறுத்துவிட்டார்கள் என்று நினைத்து
பதினொரு பேருக்கும் போன் போட்டிருக்கிறார்.
ஒருவரிடம் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டாராம்.
'என்னிடம் யாரும் கேட்கவே இல்லையே' என்றிருக்கிறார்
அந்த மனிதர்.
உண்மைதான். கேள்வியே அவர் போனுக்குப் போகவில்லை.
உலாவி கேட்காமலே மறுத்து
பழியை அவர் பேரில் எழுதிவிட்டது.

'உங்கள் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன்' என்று
முடித்திருந்தார் டேரல். கோபமில்லாமல்.
அதுதான் குத்தியது.
ஒன்பதாம் பத்தியில், அடைப்புக்குறிக்குள்
இருந்தது அந்த எஸ்.

தமிழில் உருபு மறையலாம்.
'பால் குடித்தான்' என்றால்
'ஐ' எங்கே போயிற்று என்று யாரும் தேடுவதில்லை.
தொகையை விரிக்க நமக்குத் தெரியும்,
பேசி வளர்ந்த வாய்.
நான் விளக்கும் இந்த மொழியில்
யாரும் பிறந்து வளரவில்லை.
இங்கே எதுவும் தொக்கி நிற்கக் கூடாது.

ஒக்ஸானா பட்டைக்கு நிறம் தேடினாள்.
சிவப்பென்றாள், பிறகு வேண்டாமென்றாள்;
ரைமருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான்,
பதினாலு வருஷமாக யாரும் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.
கண் தெரியாதவருக்குத் திரை வாசித்துக் காட்டும்போது
நிறம் என்ன சொல்லும்?
ஆகவே சொல். ஒரே சொற்றொடர்.
தலைப்புக்கு நேர் கீழே, எப்போதும் அங்கேயே:
'பாதுகாப்பான இணைப்பில் மட்டும்.'
மூன்று சொல்லுக்கு ஒன்றரை நாள் சண்டை.

ஒட்டிக்கொண்டே போகிறேன்.
முப்பது. எழுபது. மதியச் சாப்பாடு ஆறிப்போனது.
நூற்று நாற்பதாவது பக்கத்தில் ஒரு வரி:
'சூழலைப் பொறுத்தது.'
எந்தச் சோம்பேறி என்று வரலாற்றைத் திறந்தால்
என் பெயர். மூன்று வருஷத்துக்கு முன்,
ஒரு வெள்ளிக்கிழமை, மாலை நாலு ஐம்பத்தைந்து.
ரைமரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.
அழித்தேன், ஒட்டினேன்.

இருட்டிய பிறகு டேரலின் பதில்.
எஸ் சேர்த்துவிட்டாராம்.
வரைபடத்தில் பதினொரு புள்ளிகள்.
பத்து நகர்கின்றன.
ஒன்று மட்டும் அவர் வீட்டு வாசலிலேயே நிற்கிறதாம்,
கால் மணி நேரமாக,
எஞ்சினை அணைக்காமல்.